தொங்கும் மனிதனும் புரொமீதியஸும்: ஒரு டாரோச் சீட்டின் பொருள் குறித்துச் சில சிந்தனைகள்

சீட்டுக்கட்டொன்றில் உள்ள ஒரு படத்தின் பொருளை ஆராய்வது, தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழுக்கு ஏற்ற முயற்சிதானா என்ற வினா சிலர் உள்ளத்தில் எழுதல் கூடும். காவியம், நாடகம், நாவல், கவிதை ஆகியன பற்றியே எழுதிப் பழகிய விமர்சகருக்கு ஆட்டச் சீட்டும் குறிபார்க்கும் சீட்டும் கைதொடத் தகாதனவாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் ஒரு சமுதாயத்தின் கருத்துநிலை அதன் பேரிலக்கியங்களில் மாத்திரம் உறைவதில்லை. மக்கள் தமது வாழ்வின் இக்கட்டான வேளைகளிலே ஆறுதலுக்காகவும் அறிவுரைக்காகவும் புரட்டிப் பார்க்கும் சிறு படங்களிலும் அது உறைகின்றது. பேரிலக்கியத்தோடு வாதிடும் வாசகர் பலர் உளர். சீட்டோடு வாதிடுவோர் அரியர். ஆதலின் சீட்டின் மூலம் சொல்லப்படும் கருத்து, எதிர்ப்பின்றி உள்ளே நுழைந்துவிடும் வாய்ப்பும் அதிகமாகும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் சீட்டு, 'தொங்கும் மனிதன்' எனப்படும் பன்னிரண்டாம் சீட்டாகும். அதிலும் குறிப்பாக, 1986இல் வெளிவந்த 'மிதிக் டாரோ' என்னும் கட்டில் அச்சீட்டுப் பெற்ற வடிவமே இங்கு ஆராயப்படுகின்றது. ஜூலியற் ஷார்மன்-பேர்க், லிஸ் கிறீன் ஆகிய இருவரும் உருவாக்கிய இக்கட்டுக்குத் திறிஷியா நியூவெல் படம் வரைந்தார். கிரேக்கத் தொன்மங்களைப் பொருளாகக் கொண்டு அமைக்கப்பட்ட இக்கட்டில், தொங்கும் மனிதனின் இடத்திலே புரொமீதியஸ் வைக்கப்பட்டுள்ளான். தேவர்களிடமிருந்து தீயைக் கவர்ந்து மனிதருக்கு அளித்தமைக்காகப் பாறையிலே பிணிக்கப்பட்ட அதே புரொமீதியஸ்தான். இச்சீட்டுக்கு ஆக்கியோர் தரும் பொருளைச் சுருக்கமாகக் கூறின், மேலான ஒன்றிற்காகத் தானே விரும்பி மேற்கொள்ளும் தியாகம் என்பதாகும். இப்பொருள் சரியானதா? சரியெனின் எவ்வளவிற்குச் சரியானது? இப்பொருள் எதனை வெளிப்படுத்துகின்றது, எதனை மறைக்கின்றது? இவையே எமது வினாக்கள்.

1

முதற்கண் டாரோவின் வரலாறு பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். டாரோ எகிப்தின் பழம்பெரும் இரகசிய ஞானத்தின் எச்சம் என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக உண்டு. இந்நம்பிக்கைக்கு வயது இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்குச் சற்று அதிகமே. 1781இல் கூர் டி ஜெபலன் என்னும் பிரெஞ்சு அறிஞர் தமது பெருநூலின் எட்டாம் தொகுதியில் இக்கருத்தை வெளியிட்டார். எகிப்திய எழுத்துக்களை ஷாம்போலியன் வாசித்தறியும் வழியைக் கண்டது 1822இலேயே. எனவே ஜெபலன் எகிப்தின் பெயரால் எழுதியபோது, ஐரோப்பாவிலே எகிப்திய எழுத்தில் ஒருவரியேனும் வாசிக்கத்தக்கவர் எவரும் இருக்கவில்லை.

உண்மையில் டாரோ, பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலிய அரசவைகளிலே தோன்றிய ஓர் ஆட்டமாகும். சாதாரணச் சீட்டுக்களைப் போன்ற ஐம்பத்தாறு சீட்டுக்களோடு இருபத்திரண்டு படச் சீட்டுக்கள் சேர்ந்து எழுபத்தெட்டுச் சீட்டுக்கள் கொண்டதாக அது அமைந்தது. ஏனைய சீட்டுக்களை வெல்லும் துருப்புகளாகவே படச் சீட்டுக்கள் பயன்பட்டன. குறிபார்க்கும் கருவியாக டாரோ பரவலாக வழங்கத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே. தருக்கவியல் அறிஞராகப் பெரிதும் அறியப்பட்ட மைக்கல் டமற், 1980இல் வெளியிட்ட தமது விரிவான நூலிலே இவ்வரலாற்றைச் சான்றுகளோடு நிறுவினார். மறைஞானக் கற்பனைகளைக் கலைப்பதற்குத் தருக்க அறிஞர் ஒருவர் சீட்டாட்ட விதிகளை ஆராய முன்வந்தமை எமது விமர்சகர்களும் மனங்கொள்ளவேண்டியதொன்று.

2

ஆட்டச் சீட்டாக இருந்த காலத்திலே தொங்கும் மனிதன் எதனைக் குறித்தான்? பழைய இத்தாலிய வழக்கிலே இச்சீட்டுக்கு வழங்கிய பெயர்கள் இரண்டு: ஒன்று 'தூக்கிலிடப்பட்டவன்'; மற்றையது 'துரோகி'. ஒற்றைக் காலிலே தலைகீழாகத் தொங்கும் இவ்வுருவம் அக்கால இத்தாலியருக்கு எவ்விதப் புதிரையும் எழுப்பவில்லை. நகர அரசுகள் தமக்குத் துரோகமிழைத்தோர் எனக் கருதியவர்களை, பலரும் காணும் பொதுக் கட்டடங்களின் சுவர்களிலே தலைகீழாகத் தொங்குபவர்களாக வரைவித்து இழிவுபடுத்தும் வழக்கம் அங்கு நிலவியது. உடல் அகப்படாதவிடத்து உருவத்தையேனும் தண்டிக்கும் முறை அது. 1440இல் புளோரன்ஸ் நகருக்காக இத்தகைய ஓவியங்களை வரைந்த அந்திரேயா டெல் கஸ்தாஞோ என்னும் ஓவியருக்கு, 'தூக்கிலிடப்பட்டவர்களின் அந்திரேயா' என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. 1530ஐ ஒட்டிய முற்றுகைக் காலத்தில் அந்திரேயா டெல் சார்த்தோ இதே நோக்கத்திற்காகத் தீட்டிய, ஒற்றைக் காலில் தொங்கும் மனிதரின் மாதிரி வரைவுகள் இன்றும் எஞ்சியுள்ளன.

இவ்விடத்திலே குறிப்பிடத்தக்க செய்தியொன்று உண்டு. இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய டாரோக் கட்டுக்களுள் புகழ்பெற்றது, மிலானை ஆண்ட விஸ்கொன்ரி, ஸ்போர்ஸா குடும்பங்களின் பெயரால் வழங்குவது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அக்கட்டு, பொனிபாச்சியோ பெம்போ என்னும் ஓவியருக்கு உரியதெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. பொன்தகட்டுப் பின்னணியிலே தொங்கும் மனிதனின் சீட்டும் அக்கட்டில் உண்டு. மிலானின் ஆட்சியைக் கைப்பற்றிய பிரான்செஸ்கோ ஸ்போர்ஸாவின் தந்தை முற்சியோ அற்றெண்டோலோ, கூலிப்படைத் தலைவராக இருந்தவர். 1412இல் அவர் பக்கம் மாறியபோது, போட்டிப் பாப்பரசரான இருபத்துமூன்றாம் ஜோன், உரோமாபுரியின் வாயில்களிலும் பாலங்களிலும் அவரைத் தலைகீழாகத் தொங்கும் துரோகியாக வரைவித்தார். ஒரு தலைமுறைக்குள் துரோகியின் மகன் கோமகனானான். தந்தையை இழிவுபடுத்திய அதே உருவம் மகனின் விளையாட்டுச் சீட்டிலே பொன்னாற் பொலிந்தது. துரோகி என்பவன் யார் என்பதைத் தீர்மானிப்பது செயலின் தன்மை மட்டுமன்று, சுவர் எவன் வசம் உள்ளது என்பதுமாகும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

துரோகி என்ற சொல்லின் கனத்தை எமது வாசகர்களுக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை. 1980களிலே, அச்சொல் எழுதப்பட்ட அட்டையோடு மின்கம்பங்களிற் பிணைக்கப்பட்ட உடல்களைக் கண்டவர்களும், கண்டவர்கள் சொல்லக் கேட்டவர்களும் எம்மிடையே உள்ளனர். அத்தகைய வாசகர் பன்னிரண்டாம் சீட்டைப் பார்க்கும்போது, தொங்குபவனின் முகத்தில் அமைதி உண்டா என்று முதலிற் கேட்கமாட்டார். கட்டியவர் யார், எழுதியவர் யார் என்றே கேட்பார். அவ்வினா சீட்டின் வரலாற்றுக்கு அந்நியமானதன்று; வரலாற்றின் தொடக்கத்திலேயே நிற்கும் வினா அது.

3

இத்தகைய தண்டனைப் படம் தியாகப் படமாக மாறியது எவ்வாறு? மாற்றம் மூன்று படிகளில் நிகழ்ந்தது எனலாம்.

முதற் படி ஜெபலனுடையது. வீரம், நிதானம், நீதி ஆகிய மூன்று அறங்களும் டாரோவில் உள்ளன. நான்காவது அறமாகிய விவேகத்தைக் காணவில்லை. ஆகவே தொங்கும் மனிதனே விவேகம் என்று அவர் முடிவு செய்தார். ஒரு காலை ஊன்றி, மறுகாலை எங்கே வைப்பதென எண்ணி நிற்கும் மனிதனை, அறியாமை மிக்க சீட்டுத் தொழிலாளர் தலைகீழாக அச்சிட்டுவிட்டனர் என்பது அவர் விளக்கம். தமது கோட்பாட்டிற்கு இடையூறான சான்றைத் தொழிலாளியின் பிழையாக்கிவிடும் இப்போக்கு ஆய்வுலகிற்குப் புதியதன்று. எமது ஏட்டுச்சுவடிப் பதிப்புத் துறையிலும் பொருள் விளங்காதவிடத்தெல்லாம் ஏடெழுதினோர் மீது பழி சுமத்தப்பட்டதுண்டு.

இரண்டாம் படி 1909இல் லண்டனில் நிகழ்ந்தது. மறைஞானக் குழுவொன்றின் உறுப்பினரான ஆர்தர் எட்வேட் வெயிற்றின் அறிவுறுத்தலுக்கமைய, பமெலா கோல்மன் சிமித் என்னும் ஓவியர் புதிய கட்டொன்றை வரைந்தார். அதிலே தூக்குமரம் தளிர்விடும் உயிர்மரமாயிற்று. தொங்குபவனின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றியது. முகத்திலே துன்பத்தின் சாயலும் இல்லை. அம்முகம் காட்டுவது வேதனையன்று, ஆழ்ந்த பரவசமே என வெயிற் தமது விளக்க நூலில் எழுதினார். தண்டிக்கப்பட்டவன் ஞானியாகிவிட்டான். தியாகத்தைப் போற்றும் இக்கட்டு உருவான முறையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. சிமித் அவ்வாண்டிலேயே நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலையொன்றை மிகச் சொற்பப் பணத்துக்கு முடித்ததாகக் குறிப்பிட்டார். 1951இல் வறிய நிலையில் அவர் இறந்தார். நெடுங்காலமாக அக்கட்டு வெளியீட்டாளர் பெயராலும் வெயிற்றின் பெயராலுமே வழங்கியது. வரைந்த கை பெயரற்றிருந்தது.

மூன்றாம் படி இலக்கியத்தினதும் உளவியலினதும் வழியாக ஏற்பட்டது. 1922இல் வெளிவந்த 'பாழ்நிலம்' என்னும் நெடுங்கவிதையிலே ரி. எஸ். எலியட் இச்சீட்டைக் கையாண்டார். டாரோக் கட்டின் சரியான அமைப்புத் தமக்குப் பழக்கமானதன்று என்பதையும், பிரேசர் ஆராய்ந்த, பலியிடப்படும் தெய்வத்தோடு தொங்கும் மனிதனைத் தம் விருப்பப்படியே தொடர்புபடுத்தியதையும் அவர் தமது குறிப்புக்களில் ஒளிக்காது கூறினார். ஆயினும் பின்வந்தோர் அவ்வொப்புதலை மறந்து தொடர்பை மாத்திரம் நினைவில் வைத்தனர். யுங்கின் தொல்படிமக் கோட்பாடு செல்வாக்குப் பெற்றபின்னர், சீட்டுக்கள் யாவும் மனத்தின் உள்நிலைகள் என்ற விளக்கம் நிலைபெற்றது. 'மிதிக் டாரோ' இம்மூன்றாம் படியின் முதிர்ந்த கனியாகும். அதன் ஆக்கியோருள் ஒருவரான லிஸ் கிறீன் யுங் மரபைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வாளர். சோதிட நூல்கள் பலவற்றின் ஆசிரியருமாவார்.

4

இவ்வளவும் கூறியதால் 'மிதிக் டாரோ'வின் பன்னிரண்டாம் சீட்டு வெறும் திரிபு என்று தள்ளிவிடலாம் எனக் கருதுதல் கூடாது. புரொமீதியஸைத் தெரிந்தெடுத்தமை நுண்ணுணர்வு மிக்க தெரிவேயாகும். இரண்டு காரணங்களால் அவ்வாறு கூறலாம்.

ஒன்று, புரொமீதியஸ் என்னும் பெயருக்கு முன்னறிபவன் என்பதே கிரேக்கர் கொண்ட பொருள். விவேகம் என்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் முன்னோக்குதல் என்ற பொருளடியாகவே பிறந்தது. ஜெபலன் பிழையான வழியிலே சென்று கண்ட விவேகம், இருநூறு ஆண்டுகளின் பின்னர் புரொமீதியஸ் வடிவிலே மீண்டும் அதே சீட்டிற்கு வந்து சேர்கின்றது. மற்றையது இதனினும் முக்கியமானது. சீயஸின் நோக்கில் புரொமீதியஸ் ஒரு துரோகியே. தேவர் குலத்தவனாகப் பிறந்து, முன்னைய போரிலே சீயஸின் பக்கம் நின்று, பின்னர் தேவர்களின் உடைமையை மனிதர் கையில் ஒப்படைத்தவன் அவன். எனவே தொன்மத்தைத் தேடிச் சென்ற ஆக்கியோர், தாம் அறிந்தோ அறியாமலோ, சீட்டின் பழைய இத்தாலியப் பொருளுக்கே திரும்பிவந்துள்ளனர். அதிகாரத்தினால் துரோகி எனப்பட்டு, பலர் காணத் தண்டிக்கப்பட்டவன் என்பதே அப்பொருள்.

ஆனால் படத்தால் அடைந்ததை உரையால் இழந்துவிடுகின்றனர் என்பதே எமது குற்றச்சாட்டு. இதனை நிறுவுவதற்கு ஈஸ்கிலஸின் பெயரால் வழங்கும் 'பிணிக்கப்பட்ட புரொமீதியஸ்' என்னும் நாடகத்தை நாடவேண்டும். அதன் ஆசிரியர் ஈஸ்கிலஸ்தானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. எவர் எழுதியதாயினும் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு அதேனிய அரங்கின் சிந்தனையை அது பிரதிபலிக்கின்றது என்பதில் ஐயமில்லை.

அந்நாடகம் எவ்வாறு தொடங்குகின்றது? புரொமீதியஸின் அகப் போராட்டத்தோடு அன்று. பலம், வன்முறை என்னும் இரு பாத்திரங்கள் கைதியை இழுத்துவருகின்றன. தீக்கடவுளும் கொல்லனுமாகிய ஹெபைஸ்ரஸ் மனமின்றி ஆணியும் சங்கிலியும் அறைகின்றான். பலம் அவனை ஏவிக்கொண்டே நிற்கின்றது. வன்முறை என்ற பாத்திரம் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பிணிப்பவர் யார், ஆணையிட்டவர் யார், கைவேலை செய்தவர் யார் என்பவற்றை எல்லாம் பார்வையாளர் கண்டபின்னரே கைதியின் குரலைக் கேட்கின்றனர். புதிதாக ஆட்சிக்கு வந்த கொடுங்கோலனாகவே சீயஸ் அங்கு மீண்டும் மீண்டும் குறிக்கப்படுகின்றான்.

விருப்பத் தியாகம் என்ற விளக்கத்திற்கு நாடகத்தில் ஆதாரமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு; அதனை மறைப்பது நேர்மையன்று. தான் தவறியது அறியாமையால் அன்று, தன் விருப்பத்தினாலேயே என்று புரொமீதியஸ் வெளிப்படையாகக் கூறுகின்றான். ஆயின் அதனைத் தொடர்ந்து அவன் கூறுவது விளக்க நூல்களில் இடம்பெறுவதில்லை. ஆளற்ற பாறையிலே இவ்வாறு வாடி வற்றும் தண்டனை கிடைக்குமெனத் தான் எண்ணவில்லை என்கின்றான் அவன். ஆகவே விருப்பம் செயலைச் சார்ந்தது, தண்டனையைச் சார்ந்ததன்று. தீயைக் கொடுத்தமை அவன் தெரிவு. சங்கிலி சீயஸின் தெரிவு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, தண்டனையையே விரும்பி ஏற்றான் எனக் கூறும்போது, ஒடுக்குபவன் செய்த செயல் ஒடுக்கப்பட்டவனின் கணக்கில் எழுதப்படுகின்றது. இச்சீட்டின் விளக்கத்திலுள்ள அடிப்படைத் தவறு இதுவேயாகும்.

நாடகத்திலே இன்னொரு பாத்திரமும் உண்டு. ஓசியானஸ் என்னும் முதிய கடற்கடவுள் புரொமீதியஸிடம் வந்து பரிவோடு அறிவுரை கூறுகின்றான்: உன்னை நீ அறிந்துகொள், புதிய ஆட்சிக்கேற்ப உன் போக்கை மாற்றிக்கொள், நாவை அடக்கு. புரொமீதியஸ் அவனை ஏளனம் கலந்த மரியாதையோடு திருப்பி அனுப்பிவிடுகின்றான். எமது சீட்டின் விளக்கவுரை இந்த ஓசியானஸின் குரலிலேயே பேசுகின்றது. காத்திரு, ஒப்புக்கொள், உன் நோக்கை மாற்று, இத்துன்பத்திற்கு ஓர் உட்பொருள் உண்டு என்கின்றது. நல்லெண்ணமுடைய அறிவுரைதான், ஆயினும் நாடகத்தின் நாயகன் ஏற்க மறுத்த அறிவுரை அது.

5

ஜோர்ஜ் தொம்சன் என்னும் பெயர் ஈழத்துத் தமிழாய்வுலகிற்குப் புதியதன்று. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலே கிரேக்கப் பேராசிரியராக விளங்கிய அவரிடமே கைலாசபதியும் சிவத்தம்பியும் தமது கலாநிதிப் பட்ட ஆய்வுகளை மேற்கொண்டனர். தமிழ் வீரயுகப் பாடல்களைக் கிரேக்கக் காவிய மரபோடு ஒப்பிட்ட ஆய்வும், பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய ஆய்வும் அத்தொடர்பின் பேறுகள். அதே தொம்சன் 1932இலே 'பிணிக்கப்பட்ட புரொமீதியஸ்' நாடகத்தைப் பதிப்பித்தவர். 1941இல் வெளியிட்ட 'ஈஸ்கிலஸும் ஏதென்ஸும்' என்னும் நூலில் கிரேக்கத் துன்பியல் நாடகத்தை ஏதென்ஸின் சமுதாய முரண்பாடுகளோடும் சனநாயக வளர்ச்சியோடும் இணைத்து விளக்கியவர். தொன்மம் என்பது காலங்கடந்த மனநிலையின் சித்திரமன்று. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு சமுதாய சக்தி அதனைத் தன் தேவைக்கேற்ப வனைந்துகொள்கின்றது என்பதே அவரிடமிருந்து எம்மவர் பெற்ற பாடமாகும்.

புரொமீதியஸின் வரலாறு இப்பாடத்தை உறுதிசெய்கின்றது. ஹெஸியொட் சீயஸின் பக்கம் நின்று, அவனை ஏமாற்றுக்காரனாகவே காட்டினார். அதேனிய நாடகம் அவனை மனிதகுலத்தின் நண்பனாக்கியது. 1820இல் 'பிணிப்பறுந்த புரொமீதியஸ்' என்ற நாடகத்தை வெளியிட்ட ஷெலி, மனிதகுலத்தின் காவலனை அதன் ஒடுக்குமுறையாளனோடு சமரசம் செய்விக்கத் தமக்கு மனமில்லை என முன்னுரையிலேயே தெளிவுபடுத்தினார். 1841இலே கலாநிதிப் பட்ட ஆய்வேட்டின் முன்னுரையில் இளம் மார்க்ஸ், மெய்யியலின் புனிதர் வரிசையில் முதலிடத்தைப் புரொமீதியஸுக்கு அளித்தார். 1843இல் 'ரைன் பத்திரிகை' தடைசெய்யப்பட்டபோது வெளிவந்த கேலிச்சித்திரமொன்று, அப்பத்திரிகையின் ஆசிரியராயிருந்த மார்க்ஸையே அச்சியந்திரத்தில் பிணிக்கப்பட்ட புரொமீதியஸாகக் காட்டிற்று. அவர் ஈரலைக் கொத்துவது பிரஷ்ய அரசின் கழுகு. கல்வியமைச்சர் ஐக்ஹோர்னின் பெயருக்கு ஜேர்மன் மொழியில் அணிலோடு தொடர்புண்டு. ஆதலால் மேலே ஓர் அணிலும் வரையப்பட்டது. அச்சித்திரமும் ஒரு சிறு காகிதத்திலமைந்த படமே. ஆனால் தண்டிக்கப்பட்டவனோடு தண்டித்தவரையும் அது பெயர் சுட்டி வரைந்தது. சீட்டுக்கும் சித்திரத்திற்குமிடையே உள்ள வேறுபாடு கலைத்திறன் சார்ந்ததன்று, நோக்குச் சார்ந்தது.

இதற்கு மறுமொழியாக, ஒற்றைச் சீட்டிலே கதை முழுவதையும் எதிர்பார்க்கலாமா எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆகவே கட்டு முழுவதையும் நோக்குவோம். 'மிதிக் டாரோ'விலே சீயஸ் இல்லாமலில்லை. நான்காம் சீட்டாகிய பேரரசன் அவனே. புரொமீதியஸைக் கொத்திய கழுகைக் கொன்ற ஹெராக்ளிஸ், 'வலிமை' என்னும் சீட்டிலே சிங்கத்தோடு பொருதுகின்றான். ஒரு மரபின்படி புரொமீதியஸின் விடுதலையோடு தொடர்புபட்டுத் தன் சாவாமையைத் துறந்த கைரோன், ஞானகுருவாக ஐந்தாம் சீட்டில் அமர்ந்திருக்கின்றான். தீயைப் பெற்ற குற்றத்திற்காக மனிதரைப் பழிவாங்கச் சீயஸ் அனுப்பிய பண்டோராவோ, 'விண்மீன்' என்னும் சீட்டிலே நம்பிக்கையின் உருவமாக விளங்குகின்றாள். கதையின் பாத்திரங்கள் அனைவரும் கட்டிலே உள்ளனர். ஆயினும் அவர்களுக்கிடையிலான உறவு அறுக்கப்பட்டுள்ளது. பேரரசன் தலைமைப் பண்பின் குறியீடு. புரொமீதியஸ் தியாகத்தின் குறியீடு. முன்னவன்தான் பின்னவனைக் கட்டினான் என்ற செய்தி இரு சீட்டுக்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தில் விழுந்து மறைந்துவிடுகின்றது. சமுதாய உறவுகளாக இருந்தவை தனித்தனி மனப்பண்புகளாகச் சிதறுகின்றன. முதலாளித்துவச் சிந்தனை உலகைக் காணும் முறையும் இதுவேயென்பதை மிகைப்படுத்தாமலே கூறலாம். அங்கு செல்வம் ஒருவனின் திறமை, வறுமை இன்னொருவனின் விதி. இரண்டிற்குமிடையே உறவு எதுவும் இல்லை.

6

இத்தகைய ஆராய்ச்சியால் விளையும் பயன் யாது? சீட்டைக் கலைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளோரின் பொழுதுபோக்காக அதனைச் செய்கின்றனர் என்று விட்டுவிடலாமா? விடமுடியாது. வேலையிழந்தவர், கணவனின் கொடுமைக்கு ஆளானவர், நோயாளியைப் பராமரித்துத் தளர்ந்தவர் ஆகியோரும் இச்சீட்டை எடுக்கின்றனர். அவர்கள் கையில் பன்னிரண்டாம் சீட்டு விழும்போது, இது நீங்களே விரும்பி ஏற்ற தியாகம், பொறுத்திருங்கள் என்று சொல்லப்படுமாயின், அது ஆறுதலாக இருப்பினும் அநீதியாகும். தான் செய்யாத தெரிவு ஒன்றைத் தன் தெரிவு என ஒருவர் நம்பவேண்டியதாகின்றது. துன்பத்திற்கு உட்பொருள் தேடுவது மனித இயல்பு. அத்தேவையை இகழ்வது முற்போக்காளரின் பணியன்று. ஆனால் உட்பொருள் தேடும் ஆர்வத்திலே புறக்காரணம் மறக்கப்படுமாயின், அவ்வுட்பொருளே இன்னொரு சங்கிலியாகிவிடும்.

நாடகத்திலே இவ்விடயம் தொடர்பாக வியக்கத்தக்க ஒரு செய்தி உள்ளது. தான் மனிதருக்கு அளித்தவற்றைப் புரொமீதியஸ் வரிசைப்படுத்துகின்றான். எண், எழுத்து, எருதுகளை நுகத்திற் பூட்டுதல், கப்பல், மருந்து, நிலத்தடி உலோகங்கள் என நீளும் அப்பட்டியலிலே கனவுக்கும் பறவை நிமித்தத்திற்கும் பொருள்காணும் குறிக்கலையும் இடம்பெறுகின்றது. எனவே குறிபார்ப்போர் அவனைத் தம் முதல்வனாகக் கொள்வதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அதே நாடகத்திலே, அப்பட்டியலுக்கு முன்னரே, அவன் இன்னொன்றையும் கூறுகின்றான். மனிதர் தமது சாவை முன்கூட்டியே காணும் நிலையைத் தான் நீக்கி, அதற்கு மாற்றாக அவர்களுள்ளே நம்பிக்கைகளைக் குடியேற்றியதாகக் கூறுகின்றான். முடிவு தெரியாதவனே முயல்வான். தீ அவனுக்கே பயன்படும். ஊழின் முடிவை அறிய விரும்புபவருக்கு அவ்வறிவை மறைத்தவனின் படமே கையில் கிடைக்கின்றது. இம்முரண்பாட்டை உணர்ந்து இச்சீட்டை வாசிப்பின் அது குறிசொல்லும் சீட்டாக இராது. குறியைக் கைவிட்டுச் செயலை நாடச் சொல்லும் சீட்டாகும்.

ஈஸ்கிலஸின் தொடர் நாடகமும் இறுதியிலே சமரசத்தில்தானே முடிந்திருக்கும் என்று எதிர்வாதம் எழக்கூடும். அடுத்த நாடகத்திலிருந்து எமக்குக் கிடைப்பன சிறு பகுதிகளே. அவற்றிலிருந்து அறிஞர் பலரும் அத்தகைய முடிவையே ஊகிக்கின்றனர். ஆயின் அங்கும் விடுதலை வந்தது, கட்டுண்டவன் தன் கட்டினை உள்ளத்தால் ஏற்றுக்கொண்டமையால் அன்று. சீயஸின் ஆட்சியைக் கவிழ்க்கக்கூடிய இரகசியமொன்று அவன் வசம் இருந்தது. அதனை அச்சுறுத்தலுக்குப் பணிந்து வெளியிட அவன் மறுத்தான். சமரசம் நிகழ்ந்திருப்பின் அது பலமுடைய இரு தரப்பினரிடையே நிகழ்ந்த சமரசமேயாகும். காத்திருத்தல் என்பதற்கு அங்கு பொருள் அடங்கியிருத்தல் அன்று. விலைமதிப்பற்ற ஒன்றை விட்டுக்கொடாது வைத்திருத்தல்.

ஆகவே 'மிதிக் டாரோ'வின் பன்னிரண்டாம் சீட்டைப் பற்றிய எமது முடிவு பின்வருமாறு அமையலாம். அதன் படத் தெரிவு சிறந்தது. தண்டிக்கப்பட்டவனின் பக்கம் பரிவைத் திருப்பும் ஆற்றல் அதற்குண்டு. அதன் உரை குறையுடையது; ஏனெனில் செயலின் விருப்பத்தைத் தண்டனையின் விருப்பமாக மாற்றுகின்றது. அதன் கட்டமைப்பு மேலும் குறையுடையது. ஏனெனில் கட்டியவனையும் கட்டுண்டவனையும் வெவ்வேறு சீட்டுக்களாகப் பிரித்து, உறவை வாசகரின் கண்ணுக்கு மறைக்கின்றது. இக்குறை திருத்தமுடியாததன்று. பன்னிரண்டாம் சீட்டை எடுப்பவர் அதனைத் தனியே வைத்துப் பாராது, கட்டைத் தேடி நான்காம் சீட்டையும் எடுத்து அதன் பக்கத்திலே வைப்பாராயின் போதும். அரியணையில் இருப்பவனும் பாறையிற் கிடப்பவனும் அருகருகே கிடக்கும்போது, தியாகம் பற்றிப் பேசுவதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி எதுவென்பது தானாகவே புலப்படும்.